பாலில் போட்ட அயிரை

காலை ஆறரை மணிக்குத் திருச்சி ஜங்ஷனில் இறங்கினேன். எழும்பூரில் முந்தின ராத்திரி ஏறிய மூன்றாம் வகுப்பு வண்டியில் பொட்டுத் தூக்கம் இல்லை. ஆனாலும் உற்சாகத்துக்குக் குறைச்சலில்லை. பட்டணத்துக் கல்லூரியில் பையன்களுக்குத் தவளை அறுக்கச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. லீவு நாளில் ஒரு வாய்க்காலுக்கு நாடி பிடித்துப் பார்க்க அழைப்பு வந்தால் கசக்குமா?

அழைத்தவன் காதர் மொய்தீன், என்னோடு படித்தவன், ஜவுளி வியாபாரி. வீடு தென்னூரில், காவிரியிலிருந்து பிரிந்து வரும் உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரம். தண்ணீர் கெட்டுவிட்டதென்று அவர்கள் தெருப் படித்துறையை அடைக்க முனிசிபாலிட்டியில் யோசனை நடந்தது. சுகாதார அதிகாரி ஒருவர் அன்று பகல் நேரில் வந்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

"அடைச்சுட்டா தெருப் பொம்பளைங்க துணி மூட்டையைத் தூக்கிக்கிட்டு அரை மைல் நடக்கணும்ப்பா. தண்ணி உயிரோட இருக்குன்னு நீதான் காட்டணும்" என்றான் காதர், பிளாட்பாரத்திலேயே.

"இருந்தால் காட்டுகிறேன்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது அவனுக்கு.

நல்ல தண்ணீரைப் பார்த்தால்தானே கெட்டது தெரியும்? முதலில் ஸ்ரீரங்கத்துக்கு ஜட்கா பேசினோம். ஐந்து மைல், எட்டணா.

"பெருமாள் சேவைக்குங்களா?" என்றார் வண்டிக்காரர்.

"இல்லைங்க, ஆத்துல பூச்சி பிடிக்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுவும் அவர் படைச்சதுதானே, ஏறுங்க."

அம்மா மண்டபத்துப் படித்துறையில் தை மாதத்துக் காவிரி முழங்காலைச் சில்லிட வைத்தது. கல்லைப் புரட்டினால் அடியில் மூன்று வால் முளைத்த குட்டிப் பூச்சிகள் நெளிந்து ஓடின. சாக்கடை கலந்த தண்ணீரில் இவை தங்காது. அங்கே சிவப்புப் புழுதான் குடித்தனம் நடத்தும். மணலில் அயிரை மீன்கள் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தன.

பத்து மணிக்குத் தென்னூர்ப் படித்துறையில் இறங்கினோம். முதல் கல்லைப் புரட்டியதும் நான் போட்ட கூச்சலில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பயந்து எழுந்துவிட்டார்கள். அதே மூன்று வால் பூச்சி! காவிரி தன் பிள்ளை குட்டிகளோடு தென்னூருக்குக் குடிவந்திருந்தாள். காதரும் நானும் துண்டை விரித்து அயிரை பிடித்தோம். வழுக்கி விழுந்தோம், சிரித்தோம், வயசு மறந்துபோயிற்று. படித்துறையைத் தாண்டிக் கீழே ஒரு சாக்கடை வந்து விழுந்தது. அங்கே மட்டும் கறுத்த சேறு, சிவப்புப் புழு.

அயிரையைப் பானையிலும் பூச்சிகளைக் கண்ணாடிக் குப்பியிலும் தண்ணீரோடு விட்டு, காதர் வீட்டு அடுக்களை வாசலில் நிழலாக வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் வீடெல்லாம் மீன் குழம்பு வாசனை!

காதரின் மனைவி சல்மா கதவுக்குப் பின்னாலிருந்து பெருமையாகச் சொன்னார்: "நீங்க கொண்டாந்த அயிரையைப் பால்ல போட்டு மண்ணைக் கக்க வச்சு ஆணம் காய்ச்சிட்டேன் அண்ணே. விருந்தாளி கொண்டு வர்றதை அவருக்கே ஆக்கிப் போடறதுதான் எங்க வீட்டு வழக்கம்."

"அந்தக் குப்பி?"

"அதுல பூச்சி விழுந்திருந்துச்சு. கொட்டிக் கழுவி வச்சிட்டேன்."

காதர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து வாசலில் அதிகாரியின் கார் வந்து நின்றது.

பன்னிரண்டரை மணிக்கு வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்பும் வீடா அது? அதிகாரி மறுத்துப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். பிறகு இரண்டாம் முறையும் ஆணம் கேட்டு வாங்கினார்.

"அயிரை எங்கே வாங்கினீங்க? மார்க்கெட்டுல இந்த ருசி கிடைக்காதே."

காதர் என்னைப் பார்த்தான். "நீங்க அடைக்க வந்த படித்துறையில பிடிச்சதுங்க" என்றேன்.

அவர் கை பாதி வழியில் நின்றது. மெல்ல வாய்க்குப் போயிற்று. "ருசியா இருக்குன்னு ரிப்போர்ட் எழுத முடியாது. வாங்க, தண்ணியைக் காட்டுங்க."

பூட்ஸைக் கழற்றி, கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார். அவரே ஒரு கல்லைப் புரட்டினார். உள்ளங்கையில் ஊர்ந்த பூச்சியைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. காதர் என் இடுப்பைக் கிள்ளக் கிள்ள, சாக்கடை விழும் இடத்துக்கும் அவரை அழைத்துப் போனேன். நாடி பிடிப்பவன் பாதியை மறைக்கலாமா?

அதிகாரி ஒரு குச்சியால் சேற்றைக் கிளறிப் பார்த்தார். "அடைக்க வேண்டியது சாக்கடையை. படித்துறை இருக்கட்டும்."

ஒரு பெண் குடத்தில் தாளம் போட்டாள். காதர் என்னைக் கட்டிக்கொண்டதில் இருவரும் மறுபடி தண்ணீரில் விழுந்தோம்.

ராத்திரி ரயிலுக்குப் புறப்படும்போது சல்மா சொன்னார்: "அடுத்த தடவை எது சாமான்னு, எது சாப்பாடுன்னு சொல்லிடுங்க அண்ணே."

மறுநாள் காலை சிந்தாதிரிப்பேட்டை. பையை வீட்டில் வைக்கும் முன் கூவத்தில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டினேன். சிவப்புப் புழு. இன்னொரு கல், அதிலும் அதுவே. கை கழுவிக்கொண்டு காதருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன்: "சாக்கடையைத் திருப்பும்வரை அந்த அதிகாரியை விடாதே. மாதம் ஒரு தரம் சாப்பிடக் கூப்பிடு."