புலி பேங்க்குக்கு வராது என்ற கோமதி

"இனிமே நான் யாரப் பாக்கறதுங்க மேடம்?"

கோமதி இறந்த செய்தி இந்தக் கேள்வியோடுதான் எனக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அலைபேசியில் பேசியது அஞ்சலை. "பேங்க் மேடம் பூட்டாங்களாம். நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தாங்களாம், ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்" என்று அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள். இழவுச் செய்தியில் தன் காரியத்தை நுழைக்கிறாளே என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளுடைய ஏழு மாதச் சம்பளம் முடக்கப்பட்ட ஒரு வங்கிக் கணக்கில் கிடக்கிறது. அதை வெளியே எடுக்க அலைந்துகொண்டிருந்தவர் கோமதி ஒருவர்தான். அஞ்சலைக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இதை எழுதுகிற இப்போதும் எனக்குப் பதில் தெரியாது.

கோமதி எங்கள் நெய்வேலி நகரியத்தில் ஒரு வங்கிக் கிளையின் அதிகாரி. ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. இதைப் படிப்பவர்களில், கிளையில் அவரோடு வேலை பார்த்த உங்களில் சிலருக்கு அவரை இருபது, முப்பது வருடமாகத் தெரியும். எனக்கு மூன்று வருடப் பழக்கம்தான். ஆகவே அவர் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் பக்கத்து ஊர்க் கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் ஓர் அமைப்பு எனக்கு ஓர் ஆய்வைக் கொடுத்தது. நட்சத்திர ஆமை, எறும்புத்தின்னியின் செதில் போன்றவற்றைத் திருட்டுத்தனமாக விற்பவர்களின் பணம் வங்கிகள் வழியாகப் புகுந்து நல்ல பணமாக வெளியே வருகிறது. இது வங்கி ஊழியர்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். விழிப்புணர்வை மதிப்பெண் போட்டு அளக்கலாம் என்பதில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு மேலாளர் என் கேள்வித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க டவுன்ஷிப்புல சுத்தற மயிலத் தவிர எங்களுக்கு வேற வைல்ட் லைஃப் தெரியாதுங்க மேடம். அதுக்கும் எங்க கிளையில அக்கவுண்ட் கெடையாது" என்றார். கவுண்டரில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, 'விழிப்புணர்வு: குறைவு' என்று குறித்துக்கொண்டேன்.

கோமதி சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள் முழுவதையும் படித்தார். இரண்டாம் பக்கத்தில் புலித்தோல், யானைத் தந்தம் எனப் படங்கள் இருந்தன. 'இவற்றில் எவற்றை உங்களால் அடையாளம் காண முடியும்?' என்பது கேள்வி. பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார்.

"புலி பேங்க்குக்கு வராது மேடம். செலான்தான் வரும். செலானப் பத்திக் கேளுங்க."

எனக்குக் கோபம் வந்தது. "இது நிபுணர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட தாள்" என்றேன்.

"பாத்திருப்பாங்க. எங்க சீட்ல உக்காந்து பாத்திருக்க மாட்டாங்க."

தாளின் பின்பக்கத்தில் அவரே ஐந்து கேள்விகள் எழுதினார். பணம் வரும் ஊர்களுக்கும் கணக்குக்காரர் செய்யும் வேலைக்கும் சம்பந்தம் இருக்கிறதா? வந்த பணம் அன்றைக்கே போய்விடுகிறதா? இப்படிப் போயிற்று. கடைசிக் கேள்வியில் அவர் சிக்கலைத் தொட்டிருந்தார். ஒரு கணக்கில் சந்தேகம் வந்தால் கணினி எச்சரிக்கை காட்டும். அதிகாரி விசாரித்து, ஒரு காரணம் எழுதி அதை மூட வேண்டும். 'கடைசியாக என்ன காரணம் எழுதி மூடினீர்கள்?' என்பது அந்தக் கேள்வி. எங்கள் ஊரில் பெரும்பாலும் எழுதப்படும் காரணம் 'தெரிந்தவர்' என்பதுதான். எந்த பிளாக், எந்த குவார்ட்டர்ஸ், எந்த ஷிஃப்ட் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். "இந்த ஊர்ல தெரியாதவங்கன்னு யாரு இருக்கா? புதுசா வந்தா மூணு நாள் தெரியாம இருப்பாங்க, அவ்வளவுதான்" என்பார் கோமதி. அவர் மட்டும் அந்தச் சொல்லை எழுதியதில்லை. என்ன கேட்டேன், என்ன சொன்னார்கள் என்று இரண்டு வரி எழுதுவார்.

நான் பழைய தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு அவருடைய கேள்விகளை அச்சிட்டேன். அதன் பிறகு அவர் என்னை 'ஆராய்ச்சி மேடம்' என்று கூப்பிடத் தொடங்கினார். அதில் பாதி கேலி என்று எனக்குத் தெரியும்.

ஒரு சம்பள நாளில் கிளைக்குப் போயிருந்தபோது என்னைக் கண்ணாடிக் கதவுக்கு அழைத்துப் போனார். வெளியே ஏடிஎம் வாசலில் ஒரு மேஸ்திரி நின்றுகொண்டிருந்தான். கையில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு அட்டைகள். ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் ரகசிய எண். ஒரு தனியார் ஒப்பந்தக்காரரிடம் கூட்டிப் பெருக்கும் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் தள்ளி நின்றார்கள். அட்டை அவர்களுடையது, அவன்தான் ஒவ்வொன்றாகச் சொருகிப் பணம் எடுத்து, தன் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தான்.

"இதுக்கு உங்க தாள்ல எடம் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"எங்க ஸ்கிரீன்லயும் இல்ல. பேருதான் வரும். கை யாரோடதுன்னு வராது."

வெளியே போய் அந்தப் பெண்களிடம், "கார்ட வாங்கி நீங்களே வெச்சுக்குங்கம்மா, அது உங்களுது" என்றார். முன்னால் நின்ற ஒருத்தி, "வாங்கினா நாளைக்கு வேல இருக்காதுங்க மேடம். அப்பறம் கார்ட வெச்சு என்னா பண்றது, விசிறிக்கலாமா?" என்றாள். அவள்தான் அஞ்சலை. கோமதி திரும்பி நடந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் அன்று பார்த்ததை என் அறிக்கையில் சேர்க்கவில்லை. அது ஆய்வின் வரம்புக்குள் வரவில்லை என்று நினைத்தேன்.

அறிக்கை முடிந்தது. மற்ற கிளைகளிலும் கோமதியின் கேள்விகளை வைத்துப் பயிற்சி நடத்தினார்கள். சில மாதங்கள் கழித்துக் கோமதி என்னிடம், "உங்க தாள்ல இருக்கற மாதிரியே இங்க ஒரு கணக்கு வந்திருக்கு" என்று தொடங்கினார். சட்டென்று நிறுத்தி, "சரி, டீ சாப்பிடுவோம்" என்றார். நான் மேலே கேட்கவில்லை.

பிறகு வேறொரு மாவட்டத்தில், பேருந்தில் போன மீன் பெட்டிகளில் நட்சத்திர ஆமைகள் பிடிபட்டன. அந்த மேஸ்திரிக்கு இதில் பங்கு இருந்தது. ஆமைக்கான பணத்தை அவன் அஞ்சலையின் கணக்கில் வரவழைத்து, அவள் அட்டையால் அன்றன்றைக்கே எடுத்திருக்கிறான். அவனைப் பிடித்தார்கள். ஜாமீனில் வந்துவிட்டான். இப்போது வேறோர் ஒப்பந்தக்காரரிடம் மேஸ்திரியாக இருக்கிறான். முடங்கியது அஞ்சலையின் கணக்கு.

அவள் வேலையை விட முடியாது. விட்டால் அந்த இடம் போய்விடும். சம்பளத்தைக் கணக்கில்தான் போடுவார்கள். அது மாதாமாதம் உள்ளே போகிறது, வெளியே வருவதில்லை. வேறு கணக்கு தொடங்கி அதில் சம்பளத்தைப் போடச் சொல்லி கோமதியே ஒப்பந்தக்காரரிடம் பேசினார். "கேஸ்ல இருக்கற பொம்பளைக்கு வேல குடுத்ததே பெருசு. அக்கவுண்ட மாத்தச் சொன்னீங்கன்னா ஆளையே மாத்திடுவேன்" என்றாராம். அதற்கு மேல் வற்புறுத்தக் கோமதிக்குப் பயமாக இருந்தது. அஞ்சலை காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துச் சாப்பிடுகிறாள்.

கணக்கைத் திறக்க வேண்டுமானால் வழக்கை விசாரிக்கும் காவல் நிலையம் எழுத்தில் சொல்ல வேண்டும். கோமதி கடிதம் எழுதினார், நினைவூட்டல் எழுதினார். பதில் இல்லை. ஒரு நாள் விடுப்பு எடுத்து அஞ்சலையையும் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த நிலையத்துக்கே புறப்பட்டார். பேருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது. வழி நெடுக ஓர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, கண்ணை மூடியபடி வந்தார். விசாரணை அதிகாரி பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். ஏட்டு ஒருவர்தான் எங்களைப் பார்த்தார்.

"ஆம வித்த பொம்பள நீதானா?"

"கூட்டிப் பெருக்கற பொம்பளைங்க சார்."

"அக்கவுண்ட் உன்னுதுதானே?"

"பேரு என்னுதுங்க. கார்டு மேஸ்திரிகிட்ட."

"அவன்கிட்ட ஏன் குடுத்த?"

"குடுக்கலீங்களே. என் கையில எப்ப வந்துச்சு, நான் எடுத்துக் குடுக்கறதுக்கு?"

ஏட்டு சிரித்துவிட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கோமதி நீட்டிய கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "ஐயா வந்ததும் சொல்றேம்மா" என்றார். அடுத்த மாதம் அந்த ஐயாவுக்கு மாற்றல் ஆகிவிட்டது. கோமதி புதியவருக்கு முதலிலிருந்து எழுதினார்.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். அஞ்சலையிடம் கேட்டேன், எழுதச் சொன்னாள். ஒரு மதியம் நாங்கள் மூவரும் கிளையில் இருந்தோம். அஞ்சலை திடீரென்று கேட்டாள்: "யாரு மேடம் என்ன மாட்டிவுட்டது? பேங்க்லேந்து எழுதிப் போட்டாதான் மேல தெரியும்னு எங்க தெருவுல பேசிக்கிறாங்க."

கோமதி கண்ணாடியைக் கழற்றினார். "அத நான் சொல்லக் கூடாது அஞ்சல. எழுதினாங்களா எழுதலையான்னு பேங்க்ல யாருமே சொல்லக் கூடாது. அது ரூல்."

"தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நம்பிட்டிருப்பனே."

கோமதி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.  அஞ்சலையே, "சரி வுடுங்க. இந்த மாசத்து லெட்டர் போயிடுச்சா?" என்றாள்.

அந்தக் கணக்கைப் பற்றி எழுதிப்போட்டவர் கோமதியா என்பது எனக்குத் தெரியாது. காவல் துறை பணம் போன வழியைப் பின்தொடர்ந்து தானாகவே அங்கே வந்து சேர்ந்திருக்கவும் கூடும். அவர்தான் எழுதினார் என்றால், செய்தது சரியான வேலை. என் அறிக்கை கேட்டதும் அதைத்தான். அவருடைய கேள்விகளை ஊர் ஊராகக் கொண்டுபோனவள் நான். மேஸ்திரியின் கையில் இருந்த அட்டைக் கட்டை நாங்கள் இரண்டு பேருமே பார்த்தோம். ஆமையைப் பிடித்துக் கொடுத்தவன், வாங்கியவன், பணம் போட்டவன் யாருக்கும் எதுவும் ஆனதாக இதுவரை நான் கேள்விப்படவில்லை. விழிப்புணர்வு அதிகமாக இருந்த கிளையில் இதுதான் நடந்தது.

கோமதியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த மதியத்தைத்தான். 'தெரியாது' என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். விதியையும் மீறியிருக்க மாட்டார், அஞ்சலையும் நம்பியிருப்பாள். அவர் அதைச் சொல்லவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவ்வளவு சின்னப் பொய்கூட அவருக்கு வரவில்லை. அப்படிச் சந்தேகம் வந்த பிறகும் அஞ்சலை அவரிடம்தான் வந்தாள். இதனால் அஞ்சலைக்கு ஒரு பயனும் இல்லை என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

ஞாயிறு மாலையே உடலை எடுத்துவிட்டார்கள். மறுநாள் திங்கட்கிழமை பத்து மணிக்கு நானும் அஞ்சலையும் கிளைக்குப் போனோம். கோமதியின் இடத்தில், விருத்தாசலத்திலிருந்து தற்காலிகமாக அனுப்பப்பட்ட ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். எழுந்து நின்று எங்களுக்கு நாற்காலி காட்டினார். கோமதி எழுதிய கடிதங்களைப் பற்றிக் கேட்டேன்.

"மேடம் அனுப்பின லெட்டரெல்லாம் அவங்க மெயில்ல இருக்கும். அது எனக்கு ஓப்பன் ஆகாதுங்க. நீங்க புதுசா ஒரு மனு எழுதிக் குடுத்துடுங்க. என்ன விஷயமா?"

"ஆம கேசுங்க சார்" என்றாள் அஞ்சலை.

"ஆமையா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவளே மேஸ்திரியிலிருந்து தொடங்கிச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நான் மனுவை எழுதினேன், அஞ்சலை கையெழுத்துப் போட்டாள், அவர் முத்திரை குத்தி நகல் கொடுத்தார். "பாக்கறேன்மா. ஆனா நான் இங்க ரெண்டு வாரம்தான்" என்றார்.

வாசலுக்கு வந்தபோது அவள் அலைபேசி ஒலித்தது. ஆங்கிலத்தில் வந்திருந்த செய்தியை என்னிடம் நீட்டினாள்.

"சம்பளமுங்களா?"

"ஆமாம். ஏறியிருக்கு."

"எந்தக் கணக்குல?"

"அதே கணக்குலதான்."

அலைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு, பாத்திரம் தேய்க்கும் வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள்.