ராசியான ஃபைல்

எங்க கம்பெனிக்குக் குலதெய்வம் ரெண்டுங்க. ஒண்ணு மொதலாளி மகுடேஸ்வரனோட ஊர்ல இருக்குது. இன்னொண்ணு சித்ரகலாவோட கம்ப்யூட்டர்ல இருக்குது. நான் சுபஸ்ரீ. ராயபுரத்துல இருக்கற இந்தப் பனியன் கம்பெனியில பட்டன், லேபிள், பாலிபேக் எல்லாம் வெச்சிருக்கற ஸ்டோரைப் பாத்துக்கறவ. சித்ரகலா எனக்கு எதிர் டேபிள். எந்த ஆர்டருக்கு என்ன கலர், என்ன சைஸ், எத்தனை பீஸ் தைச்சாச்சுன்னு கம்ப்யூட்டர்ல ஏத்தி வெக்கறது அவ வேலை.

அந்த ரெண்டாவது சாமி ஒரு ஃபைலுங்க. கம்பெனி ஆரம்பிச்சப்போ மொத எக்ஸ்போர்ட் ஆர்டருக்குப் போட்ட எக்ஸெல் ஃபைல். அந்த ஆர்டர் நல்லபடியாப் போயிருச்சு. அதுல இருந்து மொதலாளி புது ஃபைல் போடவே வுட மாட்டாரு. எந்த ஆர்டர் வந்தாலும் அதுக்குள்ளயே இன்னொரு ஷீட்டு. ஆயுத பூஜைக்கு அந்த ஃபைலைத் தொறந்து வெச்சுத்தான் கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டணும். கண்றாவி! ஒவ்வொரு ஷீட்டுலயும் டீ-சர்ட் போட்டோ வேற ஒட்டி ஒட்டி, பெருத்துக் கெடக்குது.

முன்னாடியெல்லாம் எப்படியோ தொறந்துட்டு இருந்துச்சு. ஒருக்கா ஆடிட்டுக்கு வந்த பையர் ஆளுங்க, அதான் எங்க சரக்கை வாங்கற கம்பெனிக்காரங்க, சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் எங்கேன்னு கேட்டாங்க. லைசென்ஸ் ஏது? அன்னைக்கே கம்ப்யூட்டர் பாக்கற ஆளு வந்து இலவச ஆபீஸ் சாஃப்ட்வேரை ஏத்திக் குடுத்துட்டுப் போனாரு. அதை நான் குத்தஞ் சொல்ல மாட்டேன். என்னோட ஸ்டோர் ஃபைலெல்லாம் அதுல சட்டுனு தொறந்துக்கும். இந்தப் பூதத்தைத் தொறந்தாத்தான் கீழ ஒரு கோடு நகரும், நிக்கும், திரை வெளுத்துப் போயிரும். அவசரப்பட்டு எதையாச்சும் தட்டுனா மறுபடி மொதல்ல இருந்து. ஆபீஸ் பூராக் கூட்டிப் பெருக்கி, டீ குடிச்சு முடிச்சாலும் அது தொறந்திருக்காது.

அதனால சித்ரகலா பல்லடத்துல இருந்து மொத பஸ்ஸைப் புடிச்சு வந்துருவா. எங்க ஊடு பக்கத்துத் தெருங்கறதால ஆபீஸ் சாவி என்கிட்டத்தான். வாங்கிட்டுப் போய், ஃபைலைத் தட்டி வுட்டுட்டு உக்காந்திருப்பா. மொதலாளி வர்றப்போ எல்லாம் தயாரா இருக்கும். அவ மக சண்முகப்பிரியா ஒண்ணாங்கிளாஸ் படிக்குது. இவ கெளம்பறப்போ தூங்கிட்டிருக்கும். ஷிப்மென்ட் நேரத்துல இவ ஊடு போய்ச் சேர்றப்பவும் தூங்கிட்டிருக்கும். புருசன்தான் எழுப்பிக் கெளப்பி, பள்ளிக்கூட வேன்ல ஏத்தி வுடுவாரு.

"ஏன் புள்ள, மொதலாளிகிட்டச் சொல்லித் தொலையேன்"னு நான் கத்துவேன்.

"இருக்கட்டுங்கக்கா"ம்பா.

என்னத்த இருக்கட்டும்! ஒரு நாள், "எம்புள்ள முழிச்சிருந்து பாத்து நாளாச்சுக்கா"ன்னு சொல்லி அழுதுட்டா.

வேலை கொஞ்சம் கொறைஞ்ச நேரம் பாத்து நாந்தான் உசுப்பேத்துனேன். ஓடற ஆர்டருக்கெல்லாம் அவ தனித்தனி ஃபைலாப் பிரிச்சா. எல்லாம் சட்டுச் சட்டுனு தொறந்துச்சு. அதுக்கப்பறம் அவளும் எல்லாரையும் மாதிரி ஒம்பது மணிக்குத்தான் வந்தா. மகளுக்கு இட்லி ஊட்டி வுட்டு, வேன்ல ஏறிக் கை ஆட்டறதைப் பாத்துட்டு வருவா. மொகமே தெளிஞ்சிருச்சுங்க.

பொறுக்குமா? ஒரு வெளிநாட்டுப் பையர் ஆர்டரைக் கேன்சல் பண்ணிட்டான். அவன் கடையில பழைய சரக்கே தேங்கிக் கெடக்குதாமா. அதுக்கும் ஃபைலுக்கும் என்னங்க சம்பந்தம்? கம்ப்யூட்டர்ல தனித்தனி ஃபைலைப் பாத்த மொதலாளிக்கு இருந்துச்சு. திட்டலைங்க. "ராசியைப் பிரிச்சுட்டியே கண்ணு, திரும்பச் சேத்து வெச்சுரு"ன்னு மெதுவாச் சொன்னாரு. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. அவ எல்லா ஷீட்டையும் பழையபடி சேத்தா.

அடுத்த நாள் விடியால சாவிக்கு வருவான்னு பாத்துட்டே இருந்தேன். வரலை. ஒம்பது மணிக்கு எல்லாரோடயும் வந்து, ஃபைலைத் தட்டி வுட்டுட்டு உக்காந்தா. மொதலாளி வந்து பக்கத்துல நின்னாரு. நின்னு நின்னு பாத்துட்டு, சேரை இழுத்துப் போட்டு உக்காந்தாரு.

"என்ன கண்ணு, இன்னும் தொறக்கலையா?"

"தொறந்துட்டு இருக்குதுங்க."

"நான் வர்றப்போ எப்பவும் தொறந்தே இருக்குமே?"

"விடியறப்பவே வந்து தொறந்து வெப்பேனுங்க."

அவருக்கு இது தெரியவே தெரியாதுங்க. திரையில நகர்ற அந்தக் கோட்டையே பாத்துட்டு இருந்தாரு. சரி, மனசு எளகிருச்சுன்னு நெனச்சேன். "அப்போ நாளையில இருந்து அதே மாதிரி வெள்ளென வந்துரு அம்மணி"ன்னாரு.

சித்ரகலா திரையில இருந்து கண்ணை எடுக்கலை. கொரல்ல கோவமும் இல்லை, அழுகையும் இல்லை. சலிச்சுப் போயிருந்தா, அவ்வளவுதான்.

"இல்லீங்க. எம்பொண்ணு முழிச்சிருக்கறது அந்த நேரந்தானுங்க. இது தொறக்கற வரைக்கும் நீங்க உக்காந்திருங்க."

மொதலாளி உக்காந்தே இருந்தாரு.