கறுப்புத் துணி சுற்றிய குடுவைகள்

ஏசி பழுது பார்க்கத்தான் அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனேன். செல்லூர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே மனது சரியில்லை. அப்பாவுக்கு வயதாகிப் பகலும் இரவும் குழம்பிவிட்டது. விடிய விடிய உட்கார்ந்திருந்தார். பகலிலாவது தூங்கட்டும் என்று சன்னலுக்குக் கனத்த திரை போட்டிருந்தேன்.

ஏசி கெட்டுப்போன இருட்டறையின் வாசலில், அங்கே ஆராய்ச்சி செய்யும் ஓர் அம்மா ஒல்லியாக நின்றிருந்தார். காதோரம் நரை, துப்பட்டாவில் பச்சைக் கறை. என் டார்ச்சைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"இருங்கண்ணே, பிள்ளைகள எடுத்துக்கிடுறேன்."

பாசி வளரும் குடுவைகளைக் கறுப்புத் துணியில் சுற்றி, ஒவ்வொன்றாக மார்போடு அணைத்து வெளியே கொண்டுவந்தார்.

"இம்புட்டு இருட்டுல பாசிக்குப் பகல் தெரியுமா மேடம்?"

"தெரியும்ணே. உள்ளுக்குள்ளயே கடிகாரம் இருக்கு, ஜீன்தான் அத ஓட்டுது." கடைசிக் குடுவையைத் தடவினார். "இதுக்கு மட்டும் அந்த ஜீன் கெட்டுப்போச்சு. இருட்டுல விட்டா நேரம் தெரியாமத் தடுமாறும்."

"கெட்டத எதுக்கு வச்சிருக்கீங்க?" என்றேன். தொழில்புத்தி.

அவர் முகம் வாடிவிட்டது. "இது தடுமாறப் போய்த்தான் அப்படி ஒரு ஜீன் இருக்குறதே தெரிஞ்சுச்சு. சன்னலோரம் வச்சா மத்ததப் போலவே பொழுதோட ஒத்துப்போயிரும். இருட்டுல வச்சுட்டு அதக் குத்தம் சொல்லலாமா?"

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. மறுநாள் காலை திரையைக் கழற்றிவிட்டு, அப்பாவின் கட்டிலைச் சன்னலோரம் இழுத்துப் போட்டேன்.

அப்பா முழுதாகச் சரியாகிவிடவில்லை. சில இரவுகளில் இன்னும் எழுந்து உட்காருகிறார். ஆனால் முகத்தில் வெயில் விழுந்ததும், "விடிஞ்சிருச்சுல்ல, காப்பி எங்கடா?" என்று அதட்டுகிறார்.