ஒரு கையில் இரண்டு டோக்கன்

மாரிகுப்பத்தில் தங்கச் சுரங்க வாயில் எழுத்தராக நான் உட்கார்ந்த காலத்தில், உள்ளே இறங்கும் ஆள் ஒரு பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு போவான். ஏறி வந்ததும் திருப்பிக் கொடுப்பான். டோக்கனோடு முகத்தையும் எண்ண வேண்டும் என்பது சட்டம். எதையும் எண்ணாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஆனாலும் ஷிப்டு முடிவில், களைப்பில், டோக்கனை மட்டும் எண்ணுவேன். ஒருவன் இருவருடையதைக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது.

அன்றும் ஒருவன் இரண்டை நீட்டினான். "பின்னாலயே வர்றான் ரைட்டரய்யா, இத்தயும் புடிங்க. அவன் ஏணி ஏறி வர்றதுக்குள்ள கஞ்சி ஆறிப்பூடும்."

டோக்கன் நாற்பத்தொன்றும் சரி. எல்லாரும் ஏறியாயிற்று என்று மணி அடித்தேன். கீழே வெடி வைத்தார்கள். பின்னால் வந்துகொண்டிருந்தவன் வரவேயில்லை.

டோக்கன் கொடுத்தவன் அன்றே ஊரைவிட்டு ஓடிவிட்டான். விசாரணையில் சுரங்கத் துரை ஒரே கேள்வி கேட்டார்: செத்தவனின் டோக்கன் திரும்பியதா? "திரும்பியது" என்றேன். அது உண்மை. அப்படியானால் வெளியே வந்தவன் தங்கக்கல் திருடத்தான் மறுபடி இறங்கியிருக்கிறான் என்று எழுதிக்கொண்டார்கள். நான் வாய் திறக்கவில்லை.

அந்த நாளில் ஒரு ஜெர்மானியப் பாதிரியாருக்கு ஞாயிறுதோறும் தமிழ் சொல்லிக்கொடுத்து வந்தேன். பதிலுக்கு அவர் தம் நாட்டுத் தத்துவம் சொல்வார். எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் இருள் உண்டாம். கடவுளிடத்திலும் உண்டாம், அங்கே அது ஒளிக்கு அடங்கியிருக்கிறது. மனிதன் ஒருவனால்தான் அதை ஒளியிலிருந்து பிரித்தெடுத்துத் தன் இஷ்டத்துக்கு ஆள முடியும். அதுவே அவன் சுதந்திரம். தீமை பிறப்பதும் அங்கேதான்.

எனக்கு ஆறுதலாக இருந்தது. "அப்படியானால் குற்றம் அந்த இருளுடையதுதானே, ஐயா?" என்று கேட்டு, நடந்ததைச் சொன்னேன்.

அவர், "இருள் எல்லாருக்கும் பொது. பேசாமல் இருந்தது நீர்" என்றார். தமிழில் அவர் பிழையில்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அது. எனக்கு எரிச்சலாக வந்தது.

பத்தொன்பது மாதம் கழித்துச் செத்தவனின் மனைவியைத் தேடிப் போனேன். தகரக் குடிசை வாசலில் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"எம் புருசன் திருடன் இல்லன்னு எனக்குத் தெரியாதா? எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்றீங்க? தெருவுல திருடன் பொண்டாட்டின்னு கூப்புடறாங்க. போயி துரைகிட்ட சொல்லுங்க."

"சொல்றேம்மா" என்றேன்.

அங்கிருந்து நேரே துரை பங்களாவுக்கு நடந்தேன். எழுநூற்றுப் பன்னிரண்டாவது அடியில் வெளிக்கதவு. திறந்துதான் இருந்தது. காவல்காரன் என்னைப் பார்த்து, "உள்ள போங்க ரைட்டரய்யா, துரை சும்மாதான் குந்திகினு கீறாரு" என்றான். வேலை போய்விடுமே என்று நினைத்தேன். வேறொன்றும் நினைத்ததாக ஞாபகம் இல்லை.

"அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.