குளிர் அறையில் பாலகோபால் விழுந்த நாள்

நான் சத்தியசீலனை முதலில் பார்த்தபோது, ஒரு சாக்கு நிறையக் காலிஃப்ளவருடன் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அது 1996. சரவணம்பட்டியைத் தாண்டி இருந்த ஒரு தாவர ஆராய்ச்சி நிலையத்தில் நான் தட்டச்சர், அவர் ஆய்வக உதவியாளர். வருடா வருடம் புதுப்பிக்கிற தற்காலிக வேலை. அப்படியே பதினோரு வருடம் ஓட்டியிருந்தார். வாரம் இரண்டு தடவை மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்க் கெட்டியான பூக்களாகப் பொறுக்கி வருவார்.

அந்தக் காலிஃப்ளவரெல்லாம் பாலகோபாலுக்காக. பீளமேட்டில் மில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற சுந்தரராஜுலுவின் ஒரே மகன். முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். செடிகளில் இருக்கும் காப்-9 என்ற புரதக் கூட்டைப் பிரித்தெடுப்பது அவன் வேலை. அது என்னவென்று அவன் சத்தியசீலனுக்குச் சொல்லியிருந்தான். சத்தியசீலன் சாப்பாட்டு நேரத்தில் எனக்குச் சொன்னார்.

விதை மண்ணுக்குள் இருட்டில் முளைக்கும்போது, இலையை விரிக்காமல் தண்டை மட்டும் நீட்டிக்கொண்டு மேலே வர வேண்டும். வெளிச்சத்தில் செய்ய வேண்டிய காரியங்களை அதுவரை அடக்கி வைப்பது இந்தக் கூட்டுதான். எட்டுப் புரதங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஒரே உருவாக நிற்கும். ஒன்று இல்லாவிட்டாலும் கூட்டு சரியாக அமையாது. அப்படிக் குறைப்பட்ட நாற்றுகளை பாலகோபால் இருட்டுப் பெட்டியில் வளர்த்து வைத்திருந்தான். நானும் பார்த்தேன். கடுகு இனத்துச் சிறு செடி. இருட்டிலேயே இலை விரித்து, குட்டையாக, ஊதா ஏறிக் கிடந்தது. நாற்றுப் பருவத்தைத் தாண்டாமல் செத்துப்போகும் என்றான்.

காலிஃப்ளவரைத் திரவ நைட்ரஜன் ஊற்றி உறையவைத்து, பீங்கான் உரலில் பொடியாக அரைப்பார்கள். சூடு பட்டால் கூட்டு சிதைந்துவிடும். முதலில் ஜன்னலோரம் வைத்துத்தான் அரைத்தார்கள். புரதம் போதுமான அளவு கிடைக்கவில்லை. இனிமேல் குளிர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அரையுங்கள் என்று துறைத் தலைவர் வாய்மொழியாகச் சொன்னார். அந்த அறைக்குக் காற்றுப் போக வழியே கிடையாது. சத்தியசீலன் அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேர வேலைதானே என்று தலைவர் போய்விட்டார்.

1997 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அரைக்க வேண்டியிருந்தது. சத்தியசீலன் நைட்ரஜன் கேனை உள்ளே தூக்கி வைத்தார். முதலில் அரைத்ததை பாலகோபால் கரைத்துக் கொடுக்க, அதை மையவிலக்கியில் சுற்ற எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். இருபது நிமிடம் கழித்துத் திரும்பியபோது தரையெல்லாம் வெண்புகை. உரலுக்குப் பக்கத்தில் பாலகோபால் குப்புற விழுந்து கிடந்தான். ஆவியாகும் நைட்ரஜன் மூடின அறையில் மூச்சுக்காற்றை இல்லாமல் ஆக்கிவிடும்; அதற்கு வாசனை கிடையாது, மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது. சத்தியசீலன் மூச்சை அடக்கிக்கொண்டு போய்க் காலைப் பிடித்து இழுத்து வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே உயிர் இல்லை.

நிலையம் வைத்த விசாரணைக்கு முந்தின நாள் நிர்வாகத்திலிருந்து சத்தியசீலனைக் கூப்பிட்டுப் பேசினார்கள். பையன் யாரையும் கேட்காமல் தானாகவே நைட்ரஜனை உள்ளே கொண்டுபோனான் என்று சொன்னால் போதும், வேலையை நிரந்தரமாக்கிவிடலாம் என்றார்கள். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டில் மனைவி ஜெபமணியிடம் சொல்லியிருக்கிறார். அந்தம்மா சொன்ன பதிலைப் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"நடந்ததச் சொல்லிப்போட்டு வாங்க. அப்பறம் ஊட்டுக்கு வந்து சோறு உண்ண முடியோணுமில்லீங்க."

மறுநாள் மூன்று பேர் கொண்ட குழு முன்னால் நின்று, நிதானமாகச் சொன்னார். சுருக்கெழுத்தில் எடுத்தது நான்.

"உள்ளார வெச்சு அரைக்கச் சொன்னது தலைவருங்க. கேனத் தூக்கிட்டுப் போனது நானுங்க. கதவச் சாத்துனதும் நாந்தானுங்க. தம்பி மேல ஒரு தப்புமில்லீங்க."

இரண்டு நாள் கழித்து அறிக்கை என் மேசைக்கு வந்தது. அந்த நான்கு வாக்கியங்களில் நடு இரண்டு மட்டும் இருந்தன. முதலும் கடைசியும் இல்லை. என் குறிப்பேடு பக்கத்திலேயே திறந்து கிடந்தது. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மூன்று பிரதி தட்டச்சு செய்து கொடுத்தேன்.

சத்தியசீலனின் வேலை அந்த மாதத்தோடு முடிந்தது. தலைவர் பதவியிலேயே இருந்தார். அன்றைக்கு மையவிலக்கியில் சுற்றியதை இன்னொரு மாணவர் எடுத்துத் தொடர்ந்து பிரித்தபோது, எட்டுப் புரதங்களும் சோதனைத் தகட்டில் எட்டுக் கோடுகளாகத் தெளிவாகத் தெரிந்தனவாம். பாலகோபால் ஒரு வருடமாகப் பார்க்க ஆசைப்பட்டது அதுதான்.

அறிக்கையின் ஒரு பிரதி சுந்தரராஜுலுவுக்குப் போனது. அது தெரிந்த பிறகும் சத்தியசீலன் பீளமேட்டுக்கு அவரைப் பார்க்கப் போனார். பெரியவர் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"கதவச் சாத்துனது நீங்கன்னு எழுதியிருக்குதே, நெசமுங்களா?"

"நெசந்தானுங்க."

தலைவர் சொன்னதையும் சொல்லியிருக்கிறார். அது ஏன் இதில் இல்லை என்று பெரியவர் காகிதத்தைக் காட்டிக் கேட்டார். இனிமேல் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

1999இல் மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்கு மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார் சத்தியசீலன். தேடிப்போய் நான் செய்ததைச் சொன்னேன். அவர் தைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியுமுங்க," என்றார். "டைப்படிக்கிற மிசினு உங்ககிட்டத்தானுங்க இருந்துச்சு."

அடுத்த மூட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் பஸ் ஏறினேன்.