காலி என்று சொல்லாத வீடு

வீட்டைப் பூட்டிவிட்டு ஜெர்மனியில் இருக்கும் மகளிடம் போவதற்காக, கைப்பேசியில் அந்த மொழியைப் படிக்கிறேன். இன்று நாற்பத்தோராவது சொல் 'லேர்'. காலி என்று பொருள். "வீடு லேர்" என்று சொல்லச் சொன்னது கைப்பேசி.

என் சின்ன வயதில், இலங்கையின் எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில் பன்னிரண்டு காம்பிராக்கள்; குடும்பத்துக்கு ஓர் அறை. கடைசிக் காம்பிராவின் ஐந்து பேரும் இந்தியாவுக்குப் போன பிறகும் அங்கே அடுப்புப் புகை வாசம் அடித்தது.

"காலின்னு சொல்லாதடா, நிறைஞ்சிருக்குன்னு சொல்லு" என்றார் அம்மா.

"அஞ்சு பேரும் போயிட்டாங்கம்மா, நான் எண்ணினேன்!"

பூட்டிய கதவின் முன்னால் போய் நின்று, "காலி!" என்று கத்தினேன். உள்ளே இருமல் கேட்டது. ஐந்து முறை, ஐந்து குரல்களில்.

என் மனைவி இறந்து இன்றோடு தொண்ணூறு நாள். "வீடு லேர் இல்லை" என்றேன். தவறு என்றது கைப்பேசி. பக்கத்து அறையில் அவள் இருமினாள்.