குடுவையில் வளர்ந்தவை

ரத்தப் புற்றுநோயை ஆராய்வது என் வேலை. நோயாளிகளின் ரத்தம் எங்கள் அம்பத்தூர் ஆய்வகத்துக்கு எண் ஒட்டிய குழாய்களில் வரும். யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. ஒருவருடைய செல்கள் மட்டும் குடுவையில் அபூர்வமாகப் பெருகின. அவரிடம் இன்னொரு முறை ரத்தம் கேட்கலாமென்று முகவரி வாங்கிக்கொண்டு குமணன்சாவடிக்குப் போனேன். எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கத் தோன்றவில்லை.

அவர் தையல்காரர். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். அவர் ரத்தத்தை ஆராயும் இடத்திலிருந்து வருவதாகச் சொன்னேன்.

"அவரு மவுத்தாயி நாலு மாசம் ஆவுது சார்."

வாசலிலேயே நின்றேன். அவரே என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"அவரு ரத்தம் இன்னும் உங்ககிட்ட கீதா?"

"செல்கள் உயிரோட இருக்கும்மா. வளருது."

அவர் முகம் தெளிந்தது. "அவரோடது ஏதோ ஒண்ணு உசுரோட கீதே. அது போதும்."

வளர்பவை அவரைக் கொன்ற புற்றுச் செல்கள். சொல்ல வாயெடுத்தேன், சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

இப்போதும் மாதம் ஒருமுறை போன் செய்கிறார். "நல்லா கீதா சார்?"

"நல்லா இருக்கும்மா" என்கிறேன். அது பொய்யில்லை. ஆனாலும் அன்று முழுவதும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.